டிசைன் டீம் லீட் ஆனேன், எல்லாக் கோப்பும் என் மேசையில் தேங்குகிறது: 33/11 கேவி வேலையில் எதை நானே பார்க்க வேண்டும்?

டைம்_கிரேடிங் கேட்டது:

வணக்கம். நான் புரொடெக்‌ஷன் பக்கத்து ஆள். ஃபால்ட் (மின் கோளாறு) வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேயின் செட்டிங், எந்த ரிலே முதலில் இயங்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் கிரேடிங் கர்வ், ஒயரிங் இணைப்பைக் காட்டும் ஸ்கீமாட்டிக் என்றே காலத்தை ஓட்டியவன். சில மாதங்களுக்கு முன் டிசைன் டீமுக்கு லீட் ஆக்கிவிட்டார்கள். 33 கேவியை 11 கேவியாகக் குறைக்கும் சப்-ஸ்டேஷன், 11 கேவி ரிங் (வளையமாகப் போகும் இணைப்பு), பெரிய வாடிக்கையாளர்களுக்குப் புது இணைப்பு, பழைய சுவிட்ச்கியரை (பிரேக்கர்கள் உள்ள பேனல் வரிசையை) மாற்றுவது, இவைதான் வேலை. என்னோடு எட்டுப் பேர்: புரொடெக்‌ஷனுக்கு இருவர், கேபிளுக்கும் லைனுக்கும் இருவர், லேஅவுட்டும் பிரைமரி உபகரணமும் பார்க்க இருவர், சிவில் ஒருவர், லோட் ஃப்ளோவும் ஃபால்ட் ஸ்டடியும் பார்க்க ஒருவர்.

வெளியே போகும் எல்லாவற்றிலும் என் கையெழுத்து வேண்டும் என்பது இங்கே விதி. புரொடெக்‌ஷன் கோப்பு வந்தால் ஒவ்வொரு எண்ணையும் பிரித்து மேய்ந்துவிடுகிறேன். தெரிந்த வேலை, மனசுக்கும் பிடித்த வேலை. கேபிள் தெர்மல் கணக்கோ அஸ்திவாரக் கணக்கோ வந்தால் அந்த ஆழத்துக்கு என்னால் போக முடிவதில்லை. நாலு பக்கம் புரட்டி, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் மேசையில் கோப்பு குவிகிறது. சைட்டிலிருந்து "டிராயிங் எங்கே?" என்று போன். பிளானிங் பிரிவு லோடு எண்ணைப் பாதியில் மாற்றுகிறது. கொள்முதல் பிரிவோ ஸ்டடி முடியும் முன்பே சுவிட்ச்கியர் ஸ்பெக் கேட்கிறது.

டீமில் இன்னும் இரண்டு விஷயம். ஸ்டடி பார்க்கும் மூத்தவர் கெட்டிக்காரர், ஆனால் எல்லாம் அவருடைய எக்செல் தாள்களுக்குள் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கேபிள் பக்கத்து இளம் பொறியாளர் ஒருவர் சந்தேகம் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

உங்கள் டீமில் லீட் எதை நேரில் பார்க்கிறார், எதை விட்டுவிடுகிறார்? சாஃப்ட்வேர் பரிந்துரை எதுவும் வேண்டாம், அது எங்களிடம் நிறையவே இருக்கிறது.

டெஸ்ட்_கிட் எழுதியது:

கமிஷனிங் ஆள் நான், கட்டி முடித்ததைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவருபவன். டிசைன் டீமை நடத்தியதில்லை, டிசைன் டீம்கள் அனுப்பிய காகிதங்களோடு வாழ்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும்.

ஒரு 11 கேவி ஃபீடர் பேனல். செட்டிங் ஷீட்டில் சிடி (பெரிய மின்னோட்டத்தை ரிலேவுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ரேஷியோ 400/1. பிரைமரி இன்ஜெக்‌ஷனில் 100 ஆம்பியர் செலுத்துகிறோம். ரிலே பக்கத்தில் 0.25 வர வேண்டும், மீட்டரில் 0.125 நிற்கிறது. கிளாம்பை மாற்றிப் பார்த்தோம், அதே 0.125. கம்பார்ட்மென்டைத் திறந்து பெயர்த்தகடைப் பார்த்தால் 800/1. அப்படியே விட்டிருந்தால் 400 ஆம்பியரில் பிக்கப் ஆக (இயங்கத் தொடங்க) வேண்டிய ரிலே 800 வரை சும்மா இருந்திருக்கும். கிரேடிங் கர்வ் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் பயனில்லை.

விசாரித்ததில் யாருமே கணக்கில் தப்புச் செய்யவில்லை. எதிர்கால லோடை நினைத்து லேஅவுட் ஆள் சுவிட்ச்கியர் டேட்டாஷீட்டில் 800 என்று மாற்றியிருக்கிறார். அதற்கான காரணமும் நியாயமானதுதான். சிங்கிள் லைன் டயகிராமிலும் (மொத்த அமைப்பையும் ஒற்றைக் கோட்டில் காட்டும் படத்திலும்) மாற்றிவிட்டார். ஸ்கீமாட்டிக்கிலும் செட்டிங் ஷீட்டிலும் பழைய எண் அப்படியே இருந்தது. நான்கு காகிதம், நான்கிலும் தனித்தனிக் கையெழுத்து, நான்கும் "சரிபார்க்கப்பட்டது".

லீட் ஆக இருப்பவர் இதைப் பிடித்தால் எனக்குப் போதும். மற்றதெல்லாம் நாங்கள் சைட்டில் சமாளித்துக்கொள்வோம். அப்புறம், நாங்கள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பும் டிராயிங்குகளை யாராவது மாஸ்டரில் ஏற்றுங்கள், புண்ணியமாகப் போகும். அடுத்த எக்ஸ்டென்ஷன் வேலைக்கு மறுபடி அதே பழைய டிராயிங் வந்து நிற்கும்போது வயிறு எரிகிறது.

மூணு_கோர் எழுதியது:

டெஸ்ட்_கிட் சார் சொன்னதில் பாதி விடை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேபிள் பக்கத்திலிருந்து லீட் ஆனவன். இப்போது இப்படிப்பட்ட டீம்கள் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறேன். முதல் வேலையாக, புரொடெக்‌ஷன் கோப்பைப் பிரித்து மேய்வதை நிறுத்துங்கள். உங்களிடம் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் செய்ய மற்றவர் சரிபார்க்கட்டும். மூன்றாவதாக நீங்களும் நின்றால், "எப்படியும் லீட் பார்ப்பார்" என்று செக்கரின் கண் மேம்போக்காகிவிடும். நல்ல ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டு வேறு வேலை தேடுவார். இரண்டுமே நடந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு துறைக்குள் நடக்கும் பிழை பெரும்பாலும் அந்தத் துறைக்குள்ளேயே பிடிபட்டுவிடும். கிரேடிங் இடைவெளி 0.3 நொடிக்குக் கீழே போனால் எந்த ரிலே ஆளுக்கும் கண்ணில் உறுத்தும். ஒருவர் மேசையில் பிறந்த எண் இன்னொருவர் மேசைக்குப் போய், அங்கே யாரும் கேள்வி கேட்காத உண்மையாக உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து. அந்த எண்களைத்தான் லீட் காவல் காக்க வேண்டும். கணக்கைக் கணக்குப் போட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உதாரணம் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். 33 கேவி பக்கம் ஃபால்ட் லெவல், அதாவது ஃபால்ட் வந்தால் பாயக்கூடிய அளவு, 1000 எம்விஏ. 20 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, ஒவ்வொன்றும் 10 சதவீத இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு). 20 எம்விஏ பேஸில் (அளவுகோலில்) இம்பிடன்ஸ் சோர்ஸுக்கு 0.02, டிரான்ஸ்ஃபார்மருக்கு 0.1. பஸ் செக்‌ஷன் (11 கேவி பஸ்பாரின் இரு பாதியையும் இணைக்கும் பிரேக்கர்) திறந்திருந்தால் 11 கேவி பஸ்ஸில் 20 வகுத்தல் 0.12, சுமார் 167 எம்விஏ, அதாவது 8.7 கேஏ (கிலோ ஆம்பியர்). பஸ் செக்‌ஷனை மூடி இரண்டையும் பேரலலாக ஓட்டினால் 20 வகுத்தல் 0.07, சுமார் 286 எம்விஏ, 15 கேஏ. ஐஇசி 60909 சொல்லும் வோல்டேஜ் காரணியை இன்னும் சேர்க்கவே இல்லை. இப்போது அந்த சப்-ஸ்டேஷனில் இருப்பது 250 எம்விஏ, அதாவது 13.1 கேஏ பழைய சுவிட்ச்கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் செக்‌ஷன் திறந்திருக்கும்வரை எல்லாருடைய கணக்கும் சரி. யாரோ ஓர் ஆபரேஷன் ஆள் லோடை மாற்றும்போது சில நிமிடம் பேரலல் செய்தால், அந்தச் சில நிமிடத்துக்கு அங்கிருக்கும் எந்த ஃபீடர் பிரேக்கரும் ஃபால்டை அறுக்கும் திறனுக்குள் இல்லை.

இதில் ஸ்டடி செய்தவர் தப்புச் செய்யவில்லை, "பஸ் செக்‌ஷன் திறந்தது" என்று அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் எழுதித்தான் இருப்பார். லேஅவுட் ஆள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார். இன்டர்லாக் (இரண்டையும் பேரலலாக ஓட்ட விடாத தடுப்பு) வேண்டும் என்று ஸ்கீமாட்டிக் போடுபவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டுப் பேரில் இந்த மூன்று காகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

உங்கள் துறையும் என் துறையும் முட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் காப்பு) கேபிளின் செம்பு ஸ்கிரீன் (காப்பைச் சுற்றியுள்ள செம்பு உறை) 35 சதுர மிமீ என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 5 கேஏ தாங்கும். நியூட்ரலில் ரெசிஸ்டர் போட்டு எர்த் ஃபால்டைக் கட்டுப்படுத்திய அமைப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. நியூட்ரல் நேரடியாக எர்த் செய்த அமைப்பில் நிலைமை வேறு. நீங்கள் நான்கு அடுக்கு கிரேடிங் வைத்து, பேக்கப் ரிலே 1.2 நொடியில் திறக்கும் என்று நிம்மதியாக இருப்பீர்கள். அந்த 1.2 நொடிக்கு அதே ஸ்கிரீனின் திறன் சுமார் 4.6 கேஏ ஆகிவிடும். கேபிள் ஆள் ஒரு நொடி என்று எடுத்தது எங்கிருந்து? போன வேலையின் ஸ்பெக்கிலிருந்து நகல் எடுத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு தாள் வையுங்கள். நாங்கள் அதைப் "பொது எண்கள்" என்கிறோம். ஒருவருக்கு மேற்பட்டவர் பயன்படுத்தும் எண் எதுவானாலும் அதில் இருக்க வேண்டும்: அதிகபட்ச, குறைந்தபட்ச ஃபால்ட் லெவல், டிரான்ஸ்ஃபார்மர் இம்பிடன்ஸ், நியூட்ரல் எர்த்திங் முறை, ஃபால்டை அறுக்கும் நேரம், சிடி ரேஷியோ, லோடு இன்றைக்கு எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, மண்ணின் மின் எதிர்ப்பு, வெப்ப எதிர்ப்பு, கேபிளின் வெளிவிட்டம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு வேண்டும். யாருடையது, எங்கிருந்து வந்தது, உறுதியா தற்காலிகமா. கணக்குத் தாளில் எண்ணைக் கையால் அடிக்கக் கூடாது, இந்தத் தாளின் ரிவிஷன் எண்ணைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். எண் மாறினால் அதன் சொந்தக்காரர் பயன்படுத்துபவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மெயில் போட்டேன் என்பது எங்களிடம் செல்லாது.

கேபிளின் வெளிவிட்டம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். 80 மிமீ விட்டமுள்ள கேபிளுக்கு 15 மடங்கு வளைவு ஆரம் என்றால் 1.2 மீட்டர். சிவில் ஆள் சுவிட்ச்கியருக்கு அடியில் 900 மிமீ ஆழ டிரெஞ்ச் வரைந்திருந்தால், கேபிளை டெர்மினேஷனுக்கு நேராக எழுப்ப இடம் இருக்காது. கான்கிரீட் போட்ட பிறகு அந்த உரையாடல் நடந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மண்ணின் வெப்ப எதிர்ப்பும் இப்படித்தான். கேபிள் கேட்டலாக் 1.2 என்று வைத்து ஆம்பியர் தந்திருக்கும். மண் காய்ந்து 2.5 ஆனால் அதில் சுமார் கால் பங்கு போய்விடும். ரோட்டுக்கு அடியில் டிரில் செய்து குழாய்க்குள், 4 மீட்டர் ஆழத்தில் கேபிள் போகிற அந்தச் சின்னத் துண்டுதான் மொத்த ஃபீடருக்கும் கழுத்து. வரைபடத்தில் ஆழம் 0.8 என்று இருக்கும். டிரில் செய்யும் ஒப்பந்தக்காரர் அடியில் வேறு குழாய் போகிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் இறக்கியிருப்பார். அதனால் ஆழம் என்ற எண்ணுக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும், அவர் வேலை டிரில்லிங் முடிந்த பிறகுதான் முடியும்.

கையெழுத்து விஷயம். எல்லா வேலையையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். ஏற்கெனவே பலமுறை செய்த ஸ்டாண்டர்ட் ரிங் மெயின் யூனிட் (11 கேவி ரிங்கில் வைக்கும் சிறு சுவிட்ச்கியர்) வேலை என்றால் செய்தவர், சரிபார்த்தவர் இருவரோடு முடியட்டும். லீட் கையெழுத்தை அங்கிருந்து எடுக்க நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய் வார்த்தை போதாது. ஸ்டாண்டர்டிலிருந்து ஏதாவது ஒன்று விலகினால், விலகும் அந்த ஒன்றை மட்டும் நீங்கள் பாருங்கள். புதுச் சப்-ஸ்டேஷன், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்பாரை நீட்டுவது, புதிய வகை சுவிட்ச்கியர் இவற்றுக்கு ஆரம்பத்திலிருந்தே உட்காருங்கள். கடைசியில் வந்து திருத்துவதைவிட, கணக்கு தொடங்கும் முன் பொது எண்கள் தாளைச் சுற்றி எல்லாரும் உட்காரும் அரை மணி நேரம் எவ்வளவோ மேல்.

நடுக்கட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை டிசைன் டீம்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. டிராயிங் காட்டுவது வேலை முடிந்த பிறகான நிலையை. பழைய சுவிட்ச்போர்டைப் பாதி பாதியாக மாற்றும்போது சில வாரம் மொத்த லோடும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நிற்கும். 20 எம்விஏ மேல் 24 எம்விஏ ஏறுமா? அப்போது ஃபீடர் செட்டிங் என்ன? பஸ்பார் புரொடெக்‌ஷன் பாதி இருக்குமா, முழுக்க வெளியே இருக்குமா? எந்த இடத்தில் எர்த் செய்துவிட்டு ஆள் உள்ளே போவார்? ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி சிங்கிள் லைன் வரையச் சொல்லுங்கள். வரையும்போதே பாதிக் கேள்விகள் வெளியே வந்துவிடும்.

எர்த்_பிட் எழுதியது:

மூணு_கோர் சொல்வதில் பெரும்பாலானவை சரி. ஆனால் "கணக்கைக் கணக்குப் போட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதை அப்படியே ஏற்க முடியாது. எர்த்திங் டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பானால் டச் வோல்டேஜ் (ஃபால்டின்போது தொடும் உலோகத்தில் வரும் மின்னழுத்தம்) ஒருவர் உயிரை எடுக்கும். சாஃப்ட்வேரில் மண் மாதிரியை ஒரே அடுக்கு என்று வைத்தாரா, இரண்டு அடுக்கா, வேலியைத் தரைக்கடியில் உள்ள எர்த் கிரிட்டோடு சேர்த்தாரா, தனியாக விட்டாரா, இதெல்லாம் கணக்குக்கு உள்ளே இருக்கும் முடிவுகள். சின்ன டீமில் எர்த்திங் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவரைச் சரிபார்ப்பவர் யார்? அந்த இடத்தில் லீட் கையைக் கழுவ முடியாது. டீமுக்குள் ஆள் இல்லை என்றால் வெளியிலிருந்தாவது தனிச் சரிபார்ப்பு வேண்டும்.

ரிவிஷன்_பி எழுதியது:

வாயைத் திறக்காத அந்த இளம் பொறியாளர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்தான், லேஅவுட் பக்கம்.

சார், உங்கள் டீமில் ரிவ்யூ கமென்ட் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். "சரிபார்க்கவும்", "மறுபரிசீலனை செய்க", ஒரு பெரிய சிவப்பு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. இதை வாங்கிக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எந்த எண், ஏன் சந்தேகம், கட்டாயம் மாற்ற வேண்டுமா இல்லை வெறும் யோசனையா என்று மூன்றும் இருந்தால்தான் அது கமென்ட். இல்லையென்றால் ஒரு மாலை முழுக்க அந்தக் கேள்விக்குறியை முறைத்துக்கொண்டிருப்போம், கடைசியில் பயந்துபோய் மாற்றத் தேவையில்லாததையும் மாற்றிவிடுவோம். இது கதையில்லை, பக்கத்து மேசையில் பார்த்தது.

இன்னொன்று, இளையவர்களை சைட்டுக்கு அனுப்புங்கள். டிராயிங் கொடுப்பதற்கு என்று அனுப்பாமல், கமிஷனிங் ஆளோடு ஒரு முழு நாள் நிற்க அனுப்புங்கள். மார்ஷலிங் பாக்ஸ் (கன்ட்ரோல் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி) ஒன்றின் கதவு தூணில் இடித்து முழுதாகத் திறக்காமல் பாதியில் நின்றதை அப்படி ஒரு நாளில்தான் பார்த்தேன். உள்ளே டெர்மினல் பிளாக்கின் கடைசி வரிசையை முடுக்க ஸ்க்ரூ டிரைவர் நேராக நுழையவில்லை, அந்த டெக்னீஷியன் தோளை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்று முடுக்கினார். டிராயிங்கில் பாக்ஸ் ஒரு செவ்வகம், அவ்வளவுதான். கதவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் திறக்கும் என்ற வளைவுக் கோட்டை அன்றிலிருந்து எல்லா லேஅவுட்டிலும் போடுகிறேன், யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே பார்த்ததைச் சொல்ல எனக்குப் பயமும் இல்லை, ஏனென்றால் டீமில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. உங்கள் கேபிள் பொறியாளருக்கும் தான் மட்டுமே பார்த்த ஒன்று கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

டைம்_கிரேடிங் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொது எண்கள் தாளை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலைக்குப் போட்டுப் பார்த்தேன். லோடு எண் மட்டும் மூன்று கோப்புகளில் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று பிளானிங் தந்தது, ஒன்று வாடிக்கையாளர் விண்ணப்பத்தில் உள்ளது, மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மூணு_கோர் சார், இரண்டு சந்தேகம். எக்செல் மூத்தவரிடம் இந்தத் தாளைக் கொண்டுபோனால் "எனக்கே செக்கரா?" என்பார். அவரை இழக்க முடியாது. அடுத்து, சுவிட்ச்கியரும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்து சேர அவ்வளவு காலம் பிடிக்கும்போது, ஸ்டடி முடியும்வரை ஆர்டரை நிறுத்தி வைக்க முடியாது. தற்காலிக எண்ணோடு ஆர்டர் போடலாமா?

மூணு_கோர் எழுதியது:

முதலில் எர்த்_பிட்டுக்கு. ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஆள் இருக்கும் துறைக்கு வெளிச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும், அதற்கு பட்ஜெட் கேட்பது லீட்டின் வேலை. லீட் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டியதில்லை, கையில் ஒரு கால்குலேட்டர் போதும். 11 கேவி நியூட்ரலில் 6.35 ஓம் ரெசிஸ்டர் என்றால் எர்த் ஃபால்ட் சுமார் 1000 ஆம்பியருக்கு மேல் போகாது. கிரிட் எதிர்ப்பு 1 ஓம் என்றால் தரைப் பொட்டன்ஷியல் உயர்வு அதிகபட்சம் 1000 வோல்ட். அறிக்கையில் 4000 என்று இருந்தாலும் 40 என்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். அந்த அளவு கணக்கு எல்லாத் துறையிலும் லீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேபிளுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று, அஸ்திவாரத்துக்கு ஒன்று என அந்தந்த ஆளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சிவில் ஆளிடம் போய் "இந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் முழுக்கக் கொட்டினால் இந்தத் தொட்டி கொள்ளுமா, கையால் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாகக் காட்டுவார். உங்களிடம் மரியாதையும் கூடும்.

மூத்தவர் விஷயத்தில் செக்கர் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அவருடைய எக்செல்லைச் சரிபார்க்கப் போகிறோம் என்றால் நிச்சயம் முரண்டு பிடிப்பார். அதை மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பழைய, கையால் தீர்த்த ஒரு ஃபால்ட் கணக்கை அந்தத் தாளில் ஓட்டி, விடை பொருந்துகிறதா என்று அவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து எழுதி வைக்கட்டும். நான் மேலே போட்ட 167, 286 கணக்கே போதும். தாளின் எந்த செல்லில் என்ன அனுமானம் என்று இளையவர் குறிப்பெடுப்பார். முடிவில் உங்களிடம் பரிசோதிக்கப்பட்ட ஒரு தாளும் அதை ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளும் இருப்பார்கள். அந்த இளையவர் உங்கள் கேபிள் பொறியாளராக இருந்தால் இன்னும் நல்லது. அதோடு, பொது எண்கள் தாளில் ஃபால்ட் லெவலுக்குச் சொந்தக்காரர் என்று மூத்தவர் பெயரைப் போடுங்கள். தன் பெயர் உள்ள எண்ணை யாரும் அலட்சியமாக விடமாட்டார்கள். அவரைக் கேட்காமல் வேறொருவர் அதை மாற்ற முடியாது என்பதும் அவருக்குப் பிடிக்கும்.

மூன்றாவது லோடு எண்ணை இன்றைக்கே அடித்துவிடுங்கள். மீதி இரண்டில் எது என்று பிளானிங்கிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் மாற்றினால் மாற்றட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் மாற்றியதால் எந்தெந்தக் கோப்பு மறுபடி திறக்கும், எத்தனை நாள் தள்ளும் என்று ஒரு பக்கக் குறிப்பு அன்றே அவர்களுக்குப் போக வேண்டும். சண்டைக்காக இல்லை. அடுத்த முறை போனை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆர்டர் போடலாமா என்றால், போடலாம். எந்தத் தற்காலிக எண் பிறகு மாறினாலும் பொருள் தாங்கும், எது மாறினால் தாங்காது என்று பிரித்துவிட்டுப் போடுங்கள். 11 கேவி சுவிட்ச்கியரின் ஃபால்ட் ரேட்டிங்கை எங்கள் மாதிரிக் கணக்குக்கு 25 கேஏ என்று எடுத்தால், பேரலலாக ஓட்டினாலும், பின்னால் யாராவது ஜெனரேட்டர் இணைத்தாலும் இடம் இருக்கும். சிடி ரேஷியோ உறுதியாகவில்லை என்றால் 800-400/1 என்று இரட்டை ரேஷியோ கேளுங்கள், எந்த டேப்பில் இணைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள். பேனல்களின் எண்ணிக்கை, கேபிள் கீழிருந்து வருமா பின்னாலிருந்து வருமா, அறையின் அளவு இவை மாறினால் தாங்காது. இவற்றை உறுதி செய்யாமல் ஆர்டர் போக விடாதீர்கள், கொள்முதல் பிரிவு எவ்வளவு கத்தினாலும் சரி.

டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு கூடுதல் விஷயம். 10 சதவீதம் என்று நீங்கள் ஆர்டர் கொடுத்தாலும் ஐஇசி 60076-1 படி உற்பத்தியாளருக்கு அதில் 7.5 சதவீதம் ஏற்ற இறக்கம் உண்டு. 9.25 வந்தாலும் நிராகரிக்க முடியாது. மேலே போட்ட பேரலல் கணக்கில் 286 என்றது அப்போது 302 எம்விஏ ஆகிவிடும். ஆகவே ஆர்டர் போட்ட நாளில் இம்பிடன்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் "தற்காலிகம்" என்றே இருக்கட்டும். தொழிற்சாலை டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் அளந்த எண்ணைத் தாளில் ஏற்றி, ஃபால்ட் ஸ்டடியையும் உங்கள் செட்டிங்கையும் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ரிப்போர்ட் கொள்முதல் பிரிவின் கோப்புக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், நகல் ஒன்று நேராக உங்கள் ஸ்டடி ஆளுக்கு வர வேண்டும் என்று ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.